எவ்வளவு ‘நாங்கள்’?

கேள்வித்தாளோடு களத்துக்குக் கிளம்பப்போகும் மாணவ நண்பர்களே,

ஒருவர் தம் இனத்தோடும் நாட்டோடும் எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்று அளக்க நம்மிடம் பெரும்பாலும் இருப்பது கேள்விதான். அதைக் கேட்கிற விதத்தை மாற்றினால் பதில் எப்படிப் புரண்டுவிடும் என்பதற்கு, பிரிட்டனின் ஒரு பகுதியான ஸ்காட்லாந்தைப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேசிய அடையாளம் பற்றிக் கேட்டார்கள். பொருந்துகிற கட்டத்தில் எல்லாம் டிக் செய்யலாம். 62 சதவீதம் பேர் ‘ஸ்காட்டிஷ்’ என்ற ஒரே கட்டத்தில் டிக் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். பிரிட்டன் என்ற எண்ணமே அங்கே செத்துப்போச்சு என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அதே காலகட்டத்துச் சமூக ஆய்வுகளில் ஐந்து படிகள் வைத்துக் கேட்டார்கள். ‘ஸ்காட்டிஷ் மட்டும், பிரிட்டிஷ் இல்லை’ என்பது ஒரு முனை. ‘பிரிட்டிஷ் மட்டும், ஸ்காட்டிஷ் இல்லை’ என்பது மறுமுனை. நடுவில் ஸ்காட்டிஷ் கூடுதல், இரண்டும் சமம், பிரிட்டிஷ் கூடுதல். இங்கே ‘பிரிட்டிஷ் இல்லை’ என்ற முனைக்குப் போனவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான்!

ஜனங்கள் மாறவில்லை. ஒரே கட்டத்தில் டிக் செய்தவர் மனதில் முதலில் வந்ததைச் சொன்னார். மற்றதை அவர் மறுக்கவில்லை. ஐந்து படிகளோ, மறுக்கிறாயா என்று நேராகவே கேட்கின்றன.

ஸ்பெயினில் சமூகவியலாளர் ஹுவான் லின்ஸ் பயன்படுத்திய இந்த ஐந்து படிக் கேள்வியை, 1980களில் எடின்பரோவில் ஆய்வு செய்த லூயிஸ் மொரேனோ ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். இன்று அவர் பெயராலேயே ‘மொரேனோ கேள்வி’ என்கிறார்கள். லின்ஸுக்குக் கொஞ்சம் அநியாயம்தான்.

சரி, இதில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. இரண்டின்மீதும் உயிரையே வைத்திருப்பவர் ‘இரண்டும் சமம்’ என்பார். இரண்டையும் சட்டை செய்யாதவரும் அதையேதான் சொல்வார். எந்தப் பக்கம் சாய்வு என்பது தெரியும். பற்றின் அளவு தெரியாது. அதற்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

அப்புறம், வாயைத் திறந்து கேட்காமலும் அளக்கலாம். அமெரிக்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்தால், அடுத்த திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் கூடினார்கள். வெற்றியைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்ற பேச்சு அதிகம் வந்தது, தோல்வியைச் சொல்லும்போது குறைந்தது. நம் ஊர் கிரிக்கெட் ரசிகரும் அப்படித்தானே? ‘ஜெயிச்சிட்டோம்’, ஆனால் ‘தோத்துட்டானுங்க’.

ஆகவே, நீங்கள் போகிற ஊரில் முந்தின நாள் மேட்ச் ஏதும் நடந்ததா என்று விசாரித்துத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.