நான், நாம், நாங்கள்: சின்னச் சொற்களை எண்ணிய பேராசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மாணவி தன் பேராசிரியருக்கு எழுதுகிறாள்: "எனக்குக் கட்டுரையில் ஒரு சந்தேகம். நான் நாளைக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன்." பதில் வருகிறது: "நாளைக்கு வகுப்பு இருக்கிறது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள்." மாணவியின் இரண்டு வரியில் 'எனக்கு', 'நான்', 'நினைத்தேன்' என்று தன்மை மூன்று முறை வந்துவிட்டது. பதிலில் ஒன்றுகூட இல்லை. யார் எழுதியது என்ற பெயரை மறைத்துவிட்டாலும் எது யாருடைய கடிதம் என்று சொல்லிவிடலாம்.

இந்த வேறுபாட்டை எண்ணிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அமெரிக்காவில், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியராக இருந்தவர். பதவியில் தாழ்ந்தவரே 'நான்' என்று அதிகம் சொல்கிறார் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மின்னஞ்சல்களிலும், ஈராக் ராணுவத்தினரின் பழைய கடிதங்களிலும் அதே போக்குதான். அகந்தை உள்ளவர்தான் 'நான், நான்' என்பார் என்று நாம் நம்பி வந்ததற்கு இது நேர்மாறு.

அவர் மொழியில் தொடங்கியவர் அல்ல. 1977இல் முனைவர் பட்டம் பெற்றபின் அவருடைய கவனமெல்லாம் உடல்மீதுதான்: தலைவலியையும் படபடப்பையும் மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்பது. யாரிடமும் சொல்லாத துயரத்தைச் சுமப்பவர்கள் அதிகம் நோய்வாய்ப்படுவதை அந்த ஆய்வுகளில் கண்டார். அப்படியானால் அதை எழுதவைத்தால் என்ன ஆகும்?

1986இல் சாண்ட்ரா பீல் என்பவருடன் வெளியிட்ட சோதனை அதுதான். 46 கல்லூரி மாணவர்கள். தொடர்ந்து 4 நாள். நாளுக்கு 15 நிமிடம். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் வாழ்க்கையில் பட்ட பெரும் துயரத்தை எழுதினார்கள்: சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து. இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முயன்று பார்ப்பவர்கள் முதல் நாளிலேயே 'இது எனக்கு ஆகாது' என்று விட்டுவிடுகிறார்கள். இப்படி எழுதும்போது எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது; சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் சொன்னதையே திரும்ப எழுதலாம்; யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. தாங்க முடியாமல் போனால் உடனே நிறுத்திவிட வேண்டும். துயரம் நடந்த கையோடு எழுத உட்காருவதும் நல்லதல்ல. பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதுமில்லை: 2006இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறியது என்றுதான் தெரிந்தது.

சரி, எழுதியவர்களில் யாருக்குப் பலன் கிடைத்தது, ஏன்? ஆட்களை வைத்துக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிடவைத்தால் காலம் பிடிக்கிறது, மதிப்பீடுகளும் ஒத்துப்போவதில்லை. அதனால் 1990களின் தொடக்கத்தில் மார்த்தா ஃபிரான்சிஸுடன் சேர்ந்து, 'லூக்' என்று உச்சரிக்கப்படும் கணினி நிரலை உருவாக்கினார். அது செய்வது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு சொல்லையும் தன் அகராதியில் தேடி, எந்த வகையைச் சேர்ந்தது என்று குறித்து, மொத்தச் சொற்களில் அந்த வகை எத்தனை விழுக்காடு என்று சொல்லும். நான்கு நாளில் 'ஏனென்றால்', 'புரிகிறது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போனவர்களுக்குத்தான் உடல்நலம் தேறியிருந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. மனநிலையைக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் பெரிய சொற்கள் அல்ல. பிரதிப்பெயர் ('ஐ'), முன்னிடைச்சொல் ('ஃப்ரம்'), இணைப்புச்சொல் ('அண்ட்') போன்ற சின்னச் சொற்கள்தான். ஆங்கிலத்தில் இவை 500க்கும் குறைவு. ஆனால் பேசுவதில் பாதிக்கு மேல் இவைதான். நாவிலிருந்து கவனமில்லாமல் வருபவை என்பதால் இவற்றை மறைப்பது கடினம்.

எழுத்தோடு நிற்காமல் பேச்சையும் எண்ணிப் பார்த்தார்கள். மத்தியாஸ் மேல் என்ற மாணவருடன் உருவாக்கிய, உடலில் அணியும் சிறு ஒலிப்பதிவுக் கருவி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 30 விநாடி மட்டும் தானாகப் பதிவு செய்யும். வேண்டாததை அழிக்கும் உரிமை அணிந்தவருக்கு உண்டு. 396 பேரை வைத்து 2007இல் வெளியான முடிவு: பெண்கள் நாளொன்றுக்கு 16,215 சொல், ஆண்கள் 15,669. அந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதே அல்ல.

இப்போது தமிழுக்கு வருவோம். இந்த முறையை அப்படியே எடுத்துப் போட்டால் அது உடைந்துவிடும். "வீட்டிலிருந்து வந்தேன்" என்பது தமிழில் இரண்டு சொல். ஆங்கிலத்தில் 'ஐ கேம் ஃப்ரம் த ஹவுஸ்': ஐந்து சொல், அதில் மூன்று சின்னச் சொல். தமிழில் அந்த மூன்றும் விகுதியிலும் உருபிலும் கரைந்துவிட்டன, அல்லது தேவையே இல்லாமல் போயின. நிரலோ 'சின்னச் சொல் பூஜ்யம்' என்று சொல்லும். தொல்காப்பியம் இடைச்சொல்லைப் பெயரையும் வினையையும் சார்ந்து வருவது என்று வகுத்தது சும்மா இல்லை; நம் மொழியில் அவற்றைப் பெரும்பாலும் தனியே பொறுக்கி எடுக்க முடியாது.

ஆகவே முதலில் சொல்லைப் பிரிக்க வேண்டும். '-ஏன்' என்று முடிவதையெல்லாம் தன்மை என்று எண்ணினால் 'தேன்'கூட மாட்டிக்கொள்ளும். விகுதியை மட்டும் எண்ணினால் "எனக்குப் பசிக்கிறது" தப்பிவிடும், அங்கே வினை படர்க்கையில் நிற்கிறது. 'நான்', 'வந்தேன்' இரண்டையும் தனித்தனியே எண்ணினால் ஒரே ஆள் இரண்டாகிவிடுவார். ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை என்று எண்ணுவதே பொருத்தம். 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது. கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறாரா, வெளியே நிறுத்துகிறாரா என்பது தமிழில் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கில 'வீ'யில் அது இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது 'என்று'. "வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்" என்ற வாக்கியத்தில் தன்மை விகுதி இருக்கிறது, ஆனால் அது எழுதியவருடையது அல்ல, வராமல் போனவனுடையது. 'என்று' வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனிதக் கண்ணால் ஒருமுறை பார்த்துப் பிரித்த பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

வணக்கம்.