பங்காளிகள் கைவிட்ட பட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

2007-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில், இன்டர்லாகோஸ் பந்தயத் தடத்தில், அந்த ஆண்டின் ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் முடிவுக்கு வந்தது. 17 பந்தயங்கள் ஓடி முடித்தபின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று பெயர்களை வாசிக்கிறேன். ஃபெராரி அணியின் கிமி ராய்க்கோனன் 110. மெக்லாரன் அணியின் லூயிஸ் ஹாமில்டன் 109. அதே மெக்லாரன் அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ 109.

ஆளுக்கு நான்கு வெற்றி, ஆளுக்கு 109 புள்ளி. இருவருக்கும் பட்டம் இல்லை. இரண்டாம் இடங்களை எண்ணிப் பார்த்து, ஐந்து வைத்திருந்த ஹாமில்டனை நான்கு வைத்திருந்த அலோன்சோவுக்கு ஒரு படி மேலே வைத்தார்கள். ராய்க்கோனன் ஆறு பந்தயம் வென்றிருந்ததால் சமப் புள்ளி எடுத்திருந்தாலும் பட்டம் அவருக்கே போயிருக்கும். ஆக, எட்டு மாதத்தில் எங்காவது இன்னும் இரண்டு புள்ளி சேர்த்திருந்தால் மெக்லாரனில் ஒருவர் உலக சாம்பியன். அந்த இரண்டு புள்ளி எங்கே போயிற்று என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

கார்ப்பந்தயத்தில் தோற்றவர் சாக்குச் சொல்ல எப்போதும் இடமுண்டு. அவன் எஞ்சின் பலமானது, அவன் டயர் வேறு, எங்கள் கார் இந்தத் தடத்துக்கு ஒத்துவரவில்லை என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். சக வீரரிடம் தோற்கும்போது மட்டும் அது செல்லாது. அதே கார், அதே எஞ்சின், அதே டயர். எந்த வளைவில் எத்தனை மீட்டர் முன்னால் பிரேக்கை மிதித்தார், எங்கே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினார் என்பதெல்லாம் கோடு கோடாகப் பதிவாகி இரண்டு தரப்புப் பொறியாளர்களின் மேசைக்கும் வந்துவிடும். அணி முதலாளி சம்பளம் பேசும்போது எடுத்துப் பார்க்கிற முதல் கணக்கும் அதுதான்.

கோயம்புத்தூர்க்காரனான எனக்கு இதைப் பேசும்போது நம்மூர் நரேன் கார்த்திகேயன் நினைவுக்கு வராமல் இருக்காது. 2005 ஜூன் மாதம், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். மிச்செலின் டயர் பாதுகாப்பில்லை என்று 14 கார்கள் விலகிவிட, ஆறே ஆறு கார்கள் ஓடின. ஃபெராரிகள் இரண்டும் முதல் இரண்டு இடம். அடுத்து ஜோர்டன் அணியின் இரண்டு கார்கள். நரேன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகளாக ஐந்தை வாங்கினார். மூன்றாவதாக வந்து மேடையேறியவர் யார்? அவருடைய சக வீரர், போர்ச்சுகல்காரர் டியாகோ மான்டீரோ. அந்த ஒரு படி எவ்வளவு பெரியது என்பது இன்றைக்கும் கோவையில் பந்தயம் பேசுகிறவர்களுக்குத் தெரியும்.

சரி, மெக்லாரனுக்கு வருவோம்.

அலோன்சோ ஸ்பெயின்காரர். 2005, 2006 இரண்டு ஆண்டும் ரெனோ அணியில் சாம்பியன். ஃபெராரியின் ஜாம்பவான் மைக்கேல் ஷூமாக்கரைத் தோற்கடித்தவர். மெக்லாரனுக்கு வரும்போது தன்னைச் சுற்றித்தான் அணி இயங்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. பக்கத்துக் காரில் 22 வயது ஹாமில்டன், ஃபார்முலா ஒன்னுக்குப் புதுமுகம். ஆனால் மெக்லாரனுக்கு அவர் புதியவர் அல்ல. 13 வயதிலிருந்து அந்த அணிதான் அவருடைய பந்தயச் செலவைப் பார்த்து வளர்த்தது. வந்தவர் சாம்பியன், இருப்பவர் வீட்டுப் பிள்ளை. பங்காளிச் சண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மெல்போர்னில் முதல் பந்தயத்தின் முதல் வளைவிலேயே ஹாமில்டன் வெளிப்பக்கமாகச் சுற்றி அலோன்சோவைத் தாண்டினார். பெட்ரோல் நிரப்பி டயர் மாற்ற ஒதுங்கி நிற்கும் பிட் நிறுத்தத்தில் அலோன்சோ மறுபடி முன்னால் வந்துவிட்டாலும், செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மே மாதம் மொனாக்கோவில் அலோன்சோ முதலிடம், ஹாமில்டன் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்த ஃபெராரியின் மாஸா ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால். இதைவிட நல்ல முடிவு ஒரு அணிக்குக் கிடைக்குமா? ஆனால் ஹாமில்டன் முகம் வாடியிருந்தது. தன்னை முந்தவிடாமல் அணி கட்டிப்போட்டது என்ற எண்ணம். 'என் காரில் 2 என்றுதான் எழுதியிருக்கிறது, நான் இரண்டாம் ஓட்டுநர்' என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. விசாரித்து, மெக்லாரன் மேல் தவறில்லை என்று விட்டது.

அடுத்த இரண்டு பந்தயம் கனடாவும் அமெரிக்காவும். இரண்டிலும் ஹாமில்டன் வெற்றி. இப்போது குறை சொல்வது அலோன்சோவின் முறை: பிரிட்டிஷ் அணி, பிரிட்டிஷ் சக வீரர், உதவியெல்லாம் அவருக்கே போகிறது என்றார். இண்டியானாபொலிஸில் ஹாமில்டனைத் தாண்ட முடியாத எரிச்சலில், பிட் சுவரை ஒட்டிக் காரைத் திருப்பி, அங்கே உட்கார்ந்திருந்த தன் அணித் தலைமைக்குக் கோபத்தைக் காட்டிவிட்டுப் போனார். அணித் தலைவர் ரான் டென்னிஸ் மட்டும் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார்: எங்களிடம் இருவரும் சமம்.

ஆகஸ்ட் 4, புடாபெஸ்ட் அருகே ஹங்கேரோரிங் தடம். பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவுசெய்யும் தகுதிச்சுற்று. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்நாளில் தகுதிச்சுற்றின் கடைசிப் பகுதியை, மறுநாள் பந்தயத்தைத் தொடங்குவதற்கான பெட்ரோலோடு ஓட வேண்டும். ஓடித் தீர்த்ததைச் சுற்றுக் கணக்குப்படி பிறகு நிரப்பிக்கொள்ளலாம். எனவே கூடுதலாக ஒரு சுற்று ஓடுகிறவரின் கார் கடைசி முயற்சியில் சற்று இலேசாக இருக்கும். அந்தக் கூடுதல் சுற்று முன்னால் போகிறவருக்குத்தான் வாய்க்கும். மெக்லாரன் அதை ஒரு பந்தயம் இவருக்கு, ஒரு பந்தயம் அவருக்கு என்று முறை வைத்திருந்தது. ஹங்கேரியில் அலோன்சோவின் முறை.

பிட்டிலிருந்து முன்னால் வெளியே வந்த ஹாமில்டன், வழிவிட வேண்டியவர், விடவில்லை. ரேடியோவில் சொல்லியும் விடவில்லை. கடைசி டயர் மாற்றத்துக்கு அலோன்சோ முதலில் நுழைந்தார். ஹாமில்டன் அவர் பின்னால் காத்து நின்றார். தடத்தில் நெரிசல் குறையட்டும் என்று அணியே அலோன்சோவை 20 விநாடி பிடித்து வைத்தது. பிறகு, போகலாம் என்று பலகையைத் தூக்கியது. அவர் போகவில்லை. சுமார் பத்து விநாடி அப்படியே நின்றார். அப்புறம் கிளம்பி, நேரம் முடிவதற்குச் சற்று முன் கோட்டைக் கடந்து, கடைசிச் சுற்றை ஓடி முதலிடம் பிடித்தார். பின்னால் நின்ற ஹாமில்டனுக்கு அந்தச் சுற்றைத் தொடங்கவே நேரம் மிஞ்சவில்லை. டென்னிஸ் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி வீசியதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது.

பந்தய நடுவர்கள் அலோன்சோவை ஐந்து இடம் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்தப் பந்தயத்தில் மெக்லாரன் எடுக்கும் புள்ளிகள் அணிக் கணக்கில் சேராது என்றும் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாமில்டன் வென்றார், அலோன்சோ நான்காவது.

பொதுவாக இந்தச் சம்பவத்தில் அலோன்சோதான் வில்லன். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதலில் ஒப்பந்தத்தை மீறியவர் ஹாமில்டன். அதற்கு அணி அந்த இடத்திலேயே ஏதாவது செய்திருந்தால் அலோன்சோ பத்து விநாடி நின்றிருக்க மாட்டார். சமம் என்று சொன்ன அணி, சமத்தை ஒருவர் மீறினால் என்ன செய்வது என்பதை யோசித்து வைத்திருந்ததாகத் தெரியவில்லை. தண்டனை வெளியிலிருந்துதான் வந்தது, அதுவும் இரண்டாவதாகத் தவறு செய்தவருக்கு.

அந்த ஞாயிறு காலையில் நடந்தது இன்னும் பெரியது. ஃபெராரியின் தொழில்நுட்ப ஆவணங்கள், 780 பக்கம், மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் மைக் காஃப்லனிடம் இருந்த விவகாரம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையில் நடந்த விசாரணையில், தவறு உண்டு, தண்டனை இல்லை என்று தப்பித்திருந்தார்கள். டென்னிஸோடு நடந்த வாக்குவாதத்தில், தன்னிடம் அது சம்பந்தமான மின்னஞ்சல்கள் இருப்பதாக அலோன்சோ பேச்செடுத்தார். இது டென்னிஸே பின்னால் விசாரணையில் சொன்னது. அவரே எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லிக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். செப்டம்பர் 13-ஆம் தேதி தீர்ப்பு: அணிச் சாம்பியன்ஷிப்பிலிருந்து மெக்லாரன் நீக்கம், 10 கோடி டாலர் அபராதம். வீரர்களின் புள்ளியைத் தொடவில்லை. சான்று தந்தால் வீரர்களுக்குத் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அதன் பிறகும் இருவரும் ஒரே கொட்டகையிலிருந்துதான் புறப்பட்டார்கள். பெல்ஜியத்தின் ஸ்பாவில் முதல் வளைவில் அலோன்சோ ஹாமில்டனைத் தடத்தின் விளிம்புக்கு வெளியே ஒதுக்கினார். ஜப்பானின் ஃபூஜியில் கொட்டும் மழையில் ஹாமில்டன் வென்றார், அலோன்சோ மோதி நின்றார். இன்னும் இரண்டு பந்தயம். ஹாமில்டன் 107, அலோன்சோ 95, ராய்க்கோனன் 90. வெற்றிக்குப் பத்துப் புள்ளி என்றிருந்த காலம் அது. ராய்க்கோனனை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

மெக்லாரனும் வைக்கவில்லை. அக்டோபர் 7, ஷாங்காய். ஈரத் தடத்தில் தொடங்கிய பந்தயம் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன ஹாமில்டனின் ஈரத்தட டயர்கள் தேய்ந்து உள்துணி தெரிகிற நிலைக்கு வந்துவிட்டன. இன்னொரு மழை வரலாம், அதற்கேற்ற டயரை மாட்டலாம் என்று அணி அவரைத் தடத்திலேயே வைத்திருந்தது. ராய்க்கோனன் தாண்டிப் போய்விட்டார். கடைசியில் பிட்டுக்குக் கூப்பிட்டபோது, நுழைவழியின் இடது திருப்பத்தில் கார் வழுக்கி, அங்கிருந்த சிறிய சரளைப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. அந்தப் பருவத்தில் அவர் முடிக்காமல் விட்ட ஒரே பந்தயம் அது.

பிறகு டென்னிஸ் சொன்னதுதான் எனக்கு முக்கியம். நாங்கள் கிமியோடு போட்டி போடவில்லை, அடிப்படையில் ஃபெர்னாண்டோவோடுதான் போட்டி போட்டோம் என்றார். தன் அணியின் இன்னொரு காரைப் பற்றி ஓர் அணித் தலைவர்! ஸ்பெயினில் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். கடைசிப் பந்தயத்தில் இருவரும் சமமாக நடத்தப்படுகிறார்களா என்று கண்காணிக்க மெக்லாரன் கொட்டகைக்குள் எஃப்.ஐ.ஏ. ஓர் அதிகாரியை அமர்த்தியது.

இன்டர்லாகோஸ். ஹாமில்டன் 107, அலோன்சோ 103, ராய்க்கோனன் 100. ராய்க்கோனன் வென்றாலும் ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தால் போதும். புறப்பாட்டில் ராய்க்கோனனும் அலோன்சோவும் அவரைத் தாண்டினார்கள். நான்காம் இடம். பட்டத்துக்குத் தேவையானதைவிட ஒரு இடம் மேல். அங்கேயே 71 சுற்றும் ஓடிவிட்டு சாம்பியனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் முன்னால் போவது அலோன்சோ. முதல் சுற்றிலேயே அவரைத் திரும்பத் தாண்டப் பார்த்து, நான்காவது வளைவில் தடத்தை விட்டு விலகி எட்டாம் இடத்துக்குப் போனார். சில சுற்றுகள் கழித்துக் கியர்பாக்ஸ் வேறு மக்கர் செய்து, அரை நிமிடத்துக்கு மேல் ஊர்ந்து, 18-ஆவது இடம். ஏறி ஏறி ஏழாவதாக முடித்தார். நியாயமாகச் சொன்னால் அந்தக் கியர்பாக்ஸ்தான் அதிகம் பறித்தது. ஆனாலும் அந்த முதல் சுற்றுத் துடிப்பு இல்லாவிட்டால் அவர் ஏறிவர வேண்டிய தூரம் குறைந்திருக்கும்.

அதே நேரத்தில் ஃபெராரியைப் பாருங்கள். பந்தயத்தை முன்னின்று ஓட்டியவர் ஃபெலிப்பே மாஸா. சாவ் பாவ்லோவிலேயே பிறந்தவர், சொந்த ஊர்க் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அவருக்குப் பட்ட வாய்ப்பு ஏற்கெனவே போயிருந்தது. கடைசி பிட் நிறுத்தத்தை ராய்க்கோனன் தள்ளிப்போட்டு, மாஸாவுக்கு முன்னால் வந்து சேர்ந்தார். சத்தம் இல்லாமல் கை மாறியது. பந்தய முடிவை மாற்றும் அணி உத்தரவுக்கு அப்போது தடை இருந்தது. 2002-இல் ஆஸ்திரியாவில் ஃபெராரியின் பாரிக்கெல்லோ கோட்டின் வாசலில் தன் சக வீரர் ஷூமாக்கருக்கு வழிவிட்ட பிறகு வந்த தடை அது. பிட்டில் நடக்கும் மாற்றத்தை அந்தத் தடையால் பிடிக்க முடியவில்லை.

ஃபெராரிபோல மெக்லாரனும் ஒருவரை முதல் வீரராக அறிவித்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். மாஸாவின் வாய்ப்பு முடிந்ததை எண்கள் சொல்லிவிட்டன, ஃபெராரிக்கு முடிவெடுப்பது சுலபம். மெக்லாரனில் கடைசி நாள்வரை இருவரும் போட்டியில் இருந்தார்கள். நான்கு வெற்றி பெறும் ஆற்றல் உள்ள ஒரு புதுமுகத்தை மே மாதமே அடக்கி வைப்பதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆனால் ஷாங்காய் கொட்டகையில் ஒருவராவது திரையில் ராய்க்கோனனின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

நவம்பர் தொடக்கத்தில் அலோன்சோவும் மெக்லாரனும் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டார்கள். அவர் ரெனோவுக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு ஹாமில்டன் சாம்பியன். ஒரு புள்ளியில் தோற்றவர் மாஸா, இடம் மறுபடி இன்டர்லாகோஸ்.

அலோன்சோ 2015-இல் மெக்லாரனுக்கே திரும்பி வந்தார். நிறுவனத்தின் தலைமையில் ரான் டென்னிஸ் இருந்தார். பக்கத்துக் காரில் ஜென்சன் பட்டன். அவரும் பிரிட்டிஷ்காரர், அவரும் முன்னாள் சாம்பியன். இந்த முறை சண்டை எதுவும் வரவில்லை. அந்த ஆண்டு மெக்லாரன் பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்தது, இருவரும் சேர்ந்து எடுத்தது 27 புள்ளி.

நன்றி, வணக்கம்.