குறிஞ்சியோடு என்னை ஒப்பிடாதீர்கள்

(கோத்தகிரியில் என் கவிதைத் தொகுப்பு வெளியீட்டில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி, நான் குறிஞ்சி மாதிரி பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலே காத்திருந்து பூத்திருக்கிறேன் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை இல்லை. குறிஞ்சி அத்தனை வருஷமும் வேர்விட்டுப் புதராக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, பூ இல்லாததால் நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நானோ சும்மா இருந்தேன். 2006இல் குறிஞ்சி பூத்தபோது என் முதல் தொகுப்பு வந்தது. 2018இல் சரிவெல்லாம் மறுபடி நீலமானபோது ஒரு வரிகூட வரவில்லை.

ஏன் என்று கேட்டால், வெட்கம்தான். அந்த முதல் தொகுப்பில் சீகை என்று இங்கே சொல்கிற வாட்டில் மரத்தின் மஞ்சள் பூவை 'மலைமகள் பூசிய மஞ்சள்' என்று எழுதியிருந்தேன். அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், நம் புல்வெளிகளை மூடிப் பரவிய மரம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. குறிஞ்சி பூப்பதே அந்தப் புல்வெளியில்தானே! கபிலர் ஒரே பாட்டில் 99 பூக்களைச் சொல்லிவிட்டார். இந்த மலையிலேயே பிறந்த நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் பதினொன்றுக்கு மேல் பேர் தெரியவில்லை, அதிலும் நாலு பூ நர்சரியில் வாங்கியவை.

சரி, மறுபடி எப்படி எழுத வந்தேன்? ஒரு ஜனவரி விடிகாலை, தலைகுந்தாப் பக்கம், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஒரு அக்கா இருட்டோடு இருட்டாகச் செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இலையெல்லாம் உப்புத் தூவினமாதிரி உறைபனி, அவர் கை விரல்கள் விறைத்துச் சிவந்திருந்தன. இந்தக் குளிரில் தண்ணீரா என்று கேட்டேன். "ராத்திரி விழுந்த பனி மேல வெயில் பட்டா இலை கருகிடும் கண்ணு, அதுக்குள்ள கழுவிடணும்" என்றார். வீட்டுக்குப் போய் அதை அப்படியே எழுதிவைத்தேன். உவமை எதுவும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தோன்றவும் இல்லை. புத்தகத்தின் முதல் கவிதை அதுதான். மற்ற கவிதைகளில் பாதி, அதன் பிறகு தோட்டம் தோட்டமாகப் போய், 'இது என்ன செடி, இதற்கு ஏன் இப்படி' என்று பேர் கேட்டுத் திரிந்ததில் வந்தவை.

அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று அப்போதிருந்தே ஜாடை காட்டுகிறார். வாங்க அக்கா, முதல் பிரதியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.