எட்டு மாதக் குழந்தைக்கு எதற்கு மின்சாரம்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம்.

கற்பனை நாவல்களில் வரும் கொடுங்கோல் அரசுகள் மக்களை அடக்கி ஆள்வது அச்சத்தாலா, இன்பத்தாலா? அச்சத்தாலேயே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உட்காரும் முன் ஒன்று சொன்னார், நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். "உங்கள் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு ஈட்டன் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவரே எங்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லி. வாத்தியார் எங்கள் பக்கம், பையன் உங்கள் பக்கம். பிறகு தீர்ப்பு எதற்கு?" என்றார். அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பையன் கட்டிய வீட்டுக்குள் வாருங்கள்.

1949இல் வெளிவந்த ஆர்வெல்லின் '1984' நாவலில் பார்சன்ஸ் என்றொரு மனிதர். பருத்த உடம்பு, போகிற இடமெல்லாம் வியர்வை வாடை. கட்சி வேலை எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். சாவித் துவாரத்தில் வைத்து ஒட்டுக்கேட்பதற்கென்று பிள்ளைகளுக்கு ஒரு குழல் கொடுக்கிறார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள் நம் பெரியவர்கள். அங்கே அந்தக் காதைச் செய்து குழந்தை கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிறுமி அதைத் தன் வீட்டு முன்னறைக் கதவில்தான் வைத்துப் பார்க்கிறாள். அப்பா அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் கதையின் நாயகன் வின்ஸ்டனிடம் சொல்லிப் பூரித்துப்போகிறார்!

பிறகு ஒருநாள் அதே வின்ஸ்டன் சிறையில் கிடக்கும்போது, கதவு திறக்கிறது. உள்ளே வருகிறவர் பார்சன்ஸ். என்ன குற்றம்? நாட்டை ஆளும் தலைவரை, 'பெரியண்ணன் ஒழிக' என்று சொல்லிவிட்டார். எப்போது சொன்னார்? தூக்கத்தில், அவையோரே, தூக்கத்தில்! காட்டிக்கொடுத்தது யார்? அந்த மகள். சாவித் துவாரத்தில் கேட்டாள், மறுநாளே ரோந்துக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டாள். தகப்பன் என்ன சொல்கிறார் தெரியுமா? அவள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, பெருமையாக இருக்கிறது, சரியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்கிறார்.

இதே வீட்டை அந்தத் தாயின் பக்கமிருந்து பாருங்கள். சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. அடைப்பெடுக்க வின்ஸ்டனைக் கூப்பிடுகிறாள். உதவிக்கு வந்தவரைப் பொம்மைத் துப்பாக்கியால் குறிபார்த்து, "நீ துரோகி!" என்று மகன் கத்துகிறான், தங்கையும் சேர்ந்து கத்துகிறாள். தாய் அதட்டவில்லை. பயத்தோடு பிள்ளைகளையும் வந்தவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். சுவரில் தொலைத்திரை இருக்கிறது, அதன் வழியே எந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. ஆனால் அவள் முகம் வெளிறியது திரையைப் பார்த்து மட்டுமா? தான் பெற்ற பிள்ளைகளைப் பார்த்தும்தான்! ஒரு தாயை அவள் பிள்ளைக்கே நடுங்க வைத்துவிட்ட அரசுக்கு வேறென்ன ஆயுதம் வேண்டும்?

இப்போது வாத்தியாரிடம் வருகிறேன். உதைத்து ஆள்வதைவிட எளிய வழிகளை ஆட்சியாளர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று 1949 அக்டோபரில் ஹக்ஸ்லி தம் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதியது உண்மைதான். ஆனால் 1932இல் வெளிவந்த அவருடைய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலின் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். எட்டு மாதக் குழந்தைகள். எதிரே ரோஜாப் பூக்கள், வண்ணப்படப் புத்தகங்கள். வெயில் பட்டுப் பூக்கள் மின்னுகின்றன. குழந்தைகள் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வருகின்றன. ஒன்று பூவிதழைக் கசக்குகிறது, இன்னொன்று பக்கத்தைப் புரட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு செவிலி விசையை அழுத்துகிறாள். வெடிச் சத்தம், சங்கொலி, அபாய மணி. பிஞ்சுகள் வீறிட்டு அலறுகின்றன. அதுவும் போதாதென்று தரையில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. இதை 200 முறை திரும்பச் செய்வார்களாம், ஆயுள் முழுக்கப் புத்தகத்தைக் கண்டாலே மிரள வேண்டும் என்பதற்காக!

எதிரணித் தலைவர் அவர்களே, இதுவா இன்பம்? கவலையை மறக்க அந்த நாவலில் அரசே கொடுக்கும் சோமா மாத்திரையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினீர்களே, அதை விழுங்குவதற்கு முன்னால் விழுந்த இந்த அடியை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதே நாவலில் வளர்ந்து ஆளான பெர்னார்ட் என்பவர், தீவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றதும் மண்டியிட்டுக் கதறுகிறாரே, அதையாவது சொல்லியிருக்கலாமே? வாத்தியாரும் எங்களுக்குத்தான் சாட்சி சொல்கிறார்.

வாதம் போதும், நடுவர் அவர்களே. ஒரே ஒரு தாயைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். சிறுவன் வின்ஸ்டன் பசியில் துடித்த காலம். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஒரு சிறு சாக்லேட் துண்டு கிடைக்கிறது. அம்மா அதில் முக்கால் பங்கை மகனுக்கும், கால் பங்கை நோஞ்சானான தங்கைக்கும் கொடுத்துவிடுகிறாள். அவளுக்கு எதுவும் இல்லை. மகனோ தங்கையின் பங்கையும் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். அம்மா அந்தக் குழந்தையைக் கையால் அணைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறாள். அணைத்தால் சாக்லேட் திரும்பி வருமா? வராது. அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் அணைத்தாள். சில மணி நேரம் கழித்து அவன் வீடு திரும்பியபோது அம்மாவும் இல்லை, தங்கையும் இல்லை.

பல ஆண்டு கழித்தும் அவன் கனவில் வருவது அவள்தான். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையை அணைத்த அந்தக் கையை விலக்க இன்பத்தால் முடியுமா? எத்தனை மாத்திரை கொடுத்தாலும் விலக்குவீர்களா? மாட்டீர்கள். பார்சன்ஸ் வீட்டில் அந்தக் கை விலகியிருக்கிறது, அதை விலக்கியது பயம். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.