இயேசுவுக்கு முன்பே 'சுவிசேஷம்' யாருடைய பிறந்தநாளுக்கு?

[திரையில்: உடைந்த கல்வெட்டு, கிரேக்க எழுத்துகள்]

சுவிசேஷம் என்றதும் இயேசுவின் கதையைச் சொல்லும் பைபிள் நூல்கள், மத்தேயு, மாற்கு என்று வரிசையாக மனதில் ஓடும். ஆனால் 'நற்செய்தி' என்று பொருள்படும் அதன் கிரேக்கச் சொல், இயேசு பிறப்பதற்கு முன்பே வேறொருவர் பிறந்தநாளுக்காகக் கல்லில் வெட்டப்பட்டுவிட்டது. பிறந்தநாள்காரர் ரோமப் பேரரசர் அகஸ்டஸ்!

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றார்கள். இரண்டே வருடத்தில் செனட் அவரைக் கடவுளாக்கியது. அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியன் நாணயங்களில் 'தெய்வத்தின் மகன்' ஆனார். இவர்தான் பிறகு அகஸ்டஸ்.

இப்போது கல்லுக்கு வருவோம். இன்றைய துருக்கியில் பிரியேனே என்ற பழைய ஊரில் கிடைத்தது இது. கி.மு. 9-இல் ரோம ஆளுநர் ஒரு யோசனை சொல்ல, அந்த ஊர் இருந்த 'ஆசியா' என்ற ரோம மாகாணத்தின் நகரங்கள் ஒப்புக்கொண்டன: அகஸ்டஸ் பிறந்த செப்டம்பர் 23-தான் இனி புத்தாண்டு! காரணத்தையும் எழுதிவைத்தார்கள். அவர் மீட்பராம். அந்தக் கடவுளின் பிறந்தநாளில்தான் உலகுக்கு நற்செய்திகள் தொடங்கினவாம். பிறந்தநாளுக்குப் போஸ்டர் ஒட்டுவதெல்லாம் என்ன பெரிய விஷயம், இவர்கள் காலண்டரையே மாற்றிவிட்டார்கள்!

சரி, மாற்கு எப்படி ஆரம்பிக்கிறது? "தேவனுடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவினுடைய சுவிசேஷத்தின் ஆரம்பம்." ஆரம்பம், நற்செய்தி, தெய்வத்தின் மகன், மூன்றும் இருக்கின்றன. ஆனால் ஆள் மாறிவிட்டார். நாசரேத்து ஊர்த் தச்சர். அன்றைக்கு இதைக் கேட்டவர்கள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்களா? பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

[திரையில்: பிலிப்பி இடிபாடுகள்]

எனக்கு ரொம்பப் பிடித்த இடம், பைபிளில் பிலிப்பி ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதம், பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம். சீசரைக் கொன்றவர்களை ஆக்டேவியனும் ஆண்டனியும் தோற்கடித்த ஊர் பிலிப்பி. ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றிய ஊரும்கூட. அங்கிருந்த சபைக்குப் பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார்: இயேசு தேவனுக்குச் சமமாயிருப்பதைக் "கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்", தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார்.

கொள்ளை! பழைய தமிழ் வேதாகமத்தில் வேகமாக வாசித்துக் கடந்துபோயிருப்பீர்கள். கிரேக்க மூலத்திலும் பறித்துக்கொள்ளுதல் என்ற பொருள்தான். போரில் கொள்ளையடித்த பொருள் என்றால் என்னவென்று அந்தப் பழைய படைவீரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஊரில் மனிதர்கள் கடவுளாக ஏறிக்கொண்டிருந்தார்கள். பவுலின் இந்த வரிகளில் ஒருவர் இறங்கிக்கொண்டே போகிறார், அதுவும் அடிமைகளுக்கான சிலுவை வரைக்கும்.

பைபிளின் அப்போஸ்தலர் நூல் 12-ஆம் அதிகாரத்தில், கடவுளாக ஏறப் பார்த்த யூதேய அரசர் ஏரோதுவும் (ஏரோது அகிரிப்பா) உண்டு: "இது மனுஷசத்தமல்ல, இது தேவசத்தம்" என்று ஜனங்கள் ஆர்ப்பரிக்க, அவர் மறுக்கவில்லை. புழு தின்று செத்தார். அதற்குமேல் சொன்னால் சாப்பிடுகிறவர்கள் திட்டுவீர்கள்.

இறந்த பேரரசர்களைக் கடவுளாக்கும் வழக்கத்தை ரோமர்களே கிண்டல் செய்ததும் உண்டு. பேரரசர் வெஸ்பாசியன் நோய்வாய்ப்பட்டபோது, "ஐயோ, நான் கடவுளாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது" என்றாராம். இதற்காகவாவது ஒரு லைக் போடுங்கள்.