குறைக்கலாம், கூட்ட முடியாது

நேயர்களுக்கு வணக்கம்.

காப்புரிமை, அதாவது புதிய கண்டுபிடிப்புக்கு அரசு கொடுக்கிற பேட்டன்ட், அதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டதும் நான் முதலில் பார்த்தது ஒரு தேதியை. இன்றைக்கு நான் சொல்லப்போகும் கருவிக்கான விண்ணப்பம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. 18 மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்தின் இதழிலும் வெளிவந்துவிட்டது. அதனால்தான் தைரியமாகப் பேசுகிறேன். பதிவாவதற்கு முன்னால் இந்த ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருந்தால், என் பேச்சே அந்த விண்ணப்பத்துக்கு எமனாகியிருக்கும். ஊரறியச் சொன்ன பிறகு அது புதிது இல்லையே!

நான் காப்புரிமை முகவர். பாளையங்கோட்டையில் அலுவலகம். கண்டுபிடித்தவருக்கும் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் நடுவில் நின்று எழுதிக்கொடுக்கிற வேலை. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று தெற்கே உள்ளவர்கள் எல்லாருக்கும் அந்தக் கிண்டி அலுவலகம்தான். நம் நாட்டில் இந்த உரிமை கொடுப்பது 1856-இல் ஆரம்பித்தது. முதல் விண்ணப்பம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கூரையில் தொங்குகிற பெரிய விசிறியான பங்காவை இழுக்கும் இயந்திரத்துக்கு. கல்கத்தாவில் இருந்த டிபென்னிங் என்ற பொறியாளர் போட்டது. ஒரு ஆளை வெளியே உட்காரவைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்வதற்குப் பதிலாக இயந்திரம் இழுக்கட்டும் என்று. நம் ஊர் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் மரச் சொப்புச் சாமான் கடைகிற குடும்பம் ஒன்று. ஊரையும் பெயரையும் சொல்லவில்லை. அப்பாவை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம், மகனைத் தம்பி என்று வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி நாற்பது வருடமாகக் கடைசல் வேலை செய்கிறார். மரக்கட்டை சுழலும், உளியைப் பிடித்து ஓட்டினால் குட்டிக் குடமும் திருகையும் உருண்டு வரும், சுழலும் சூட்டிலேயே அரக்குக் குச்சியைத் தேய்த்தால் சிவப்பும் பச்சையும் ஏறும். தம்பி டிப்ளமோ படித்தவர். கோயம்புத்தூரில் பழைய விலைக்குக் கிடைத்த ஒரு ரோபோ கையை வாங்கிவந்து, அதன் நுனியில் அப்பாவின் உளியைக் கட்டிவிட்டார்.

அந்தக் கை தானாகக் கடையாது. ஆள்தான் பிடித்து ஓட்ட வேண்டும். குடத்தின் உருவம் எங்கே முடிகிறதோ அங்கே மட்டும், இதற்கு மேல் உளி உள்ளே போகக் கூடாது என்று கை இறுகிவிடும். புதிதாக வேலை பழகுகிற பையன் உளியை அழுத்தினாலும் மரம் வீணாகாது.

உள்ளே நடப்பது இதுதான். கையின் ஒவ்வொரு மூட்டிலும் கோணத்தை அளக்கிற கருவி இருக்கிறது. அந்தக் கோணங்களை வைத்து உளியின் நுனி இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்குப் போடுகிறது. ஒரு நொடிக்கு ஒரு தடவை இல்லை, கண் இமைப்பதற்குள் பல தடவை. நுனி எல்லையை நெருங்க நெருங்க, எல்லையை நோக்கிய வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்து பூஜ்யமாக்கிவிடும். எல்லையை ஒட்டிப் பக்கவாட்டில் போவதற்குத் தடையே கிடையாது. வரப்பில் நடக்கிற மாதிரி. வயலுக்குள் இறங்கத்தான் விடாது, வரப்போடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

முட்டுக்கட்டை என்பது நமக்கு வசவுச் சொல். ஆனால் ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ரதவீதி முக்கில் தேரைத் திருப்புகிறது சக்கரத்துக்கடியில் கட்டை போடுகிற அந்தச் சில பேர்தான். தம்பியின் பெட்டி செய்ததும் அந்த வேலைதான்.

தம்பி என்னிடம் வந்தபோது ஒரு தாளில் தன் கண்டுபிடிப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரே வரி. ‘கருவி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் ரோபோ கட்டுப்பாட்டுப் பெட்டி.’ இதற்கு உலகம் முழுக்க உரிமை வேண்டும் என்றார். ஒரு நாட்டுக் காப்புரிமை அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும் என்பதைச் சொல்லவே அரை மணி நேரம் ஆனது. அதைவிடக் கசப்பான செய்தி ஒன்றும் என் கையில் இருந்தது.

அந்த ஒரு வரி பழசு. 1992-இலேயே அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் லூயி ரோசன்பெர்க் என்பவர் இதைச் செய்துகாட்டிவிட்டார். வெறும் கையால் நேர்கோடு போடுவது கஷ்டம், அளவுகோலை ஒட்டிப் போட்டால் சுலபம். அந்த அளவுகோலைக் கண்ணுக்குத் தெரியாமல் கணினிக்குள் வைத்தால் என்ன என்பது அவர் யோசனை. அதே பத்தாண்டில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரயன் டேவிஸ் குழுவினர் முழங்கால் அறுவைக்கு இப்படி ஒரு கையைச் செய்தார்கள். மருத்துவர் பிடித்து ஓட்டுவார், எலும்பில் செதுக்க வேண்டிய இடம் தாண்டினால் கை இறுகிவிடும். மரத்துக்குப் பதில் எலும்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பிக்கு முகம் சுண்டிப் போயிற்று. “அப்ப நான் செஞ்சதுக்கு மதிப்பே இல்லையா சார்?” என்றார். அவர்கள் பட்டறைக்கு ஒருநாள் வருகிறேன் என்றேன்.

போனேன். மரத்தூள் வாசனை, மேலே ஒரு குண்டு பல்பு. அண்ணாச்சி கையில் உளியோடு நின்றார். நான் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணாச்சி, மரத்தில் கணு வந்தால் என்ன செய்வீர்கள்?”

“கணுவா? கணு வந்தா உளி கடகடன்னு உதறும் சார்வாள். விட்டா உள்ள பாஞ்சிரும். அந்த இடத்துல மட்டும் கையைக் கொஞ்சம் விலக்கிப் பிடிப்பேன். அப்புறம் தேச்சுத் தேச்சு மெல்ல இறக்குவேன்.”

தம்பியைப் பார்த்தேன். “பெட்டியும் அதைத்தான் செய்யுது சார். மோட்டார் இழுக்கிற கரண்ட் திடீர்னு ஏறினா கணுன்னு எடுத்துக்கும். அந்த ஒரு விரல்கடை நீளத்துக்கு மட்டும் எல்லையை வெளியே தள்ளி வைக்கும். கரண்ட் இறங்க இறங்க எல்லையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அது சின்ன விஷயம், அதனால எழுதலை” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். சின்ன விஷயமாம்! எல்லா எல்லையும் ஒரே இடத்தில் நிற்கிறது. இந்த எல்லை மரத்தைக் கேட்டு நகர்கிறது. அதை எழுதாமல் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து எழுதினோம். கரண்ட்டை எங்கே அளக்கிறது, எவ்வளவு ஏறினால் கணு, எல்லை எவ்வளவு விலகும், எப்படித் திரும்பும், கரண்ட்டுக்குப் பதில் அதிர்வை அளந்தால் என்ன, மரத்துக்குப் பதில் கொம்பு என்றால் என்ன, எல்லாவற்றையும். முப்பது பக்கத்துக்குள் அடக்கினோம். அதைத் தாண்டினால் பக்கத்துக்குப் பக்கம் கூடுதல் கட்டணம். தனி ஆள் இணையத்தில் பதிவு செய்ய 1,600 ரூபாய், பரிசோதனை கேட்க 4,000 ரூபாய். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்டால் மட்டும் யாரும் பரிசோதிக்க மாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு புது விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான்.

பரிசோதகரின் ஆட்சேபங்களோடு பரிசோதனை அறிக்கை வந்தது. திறந்தால் முதல் பக்கத்திலேயே தம்பியின் சொந்த வீடியோ! பதிவுக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் கையை ஓட்டிக் காட்டியிருக்கிறார். யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கண்காட்சிக்குச் சட்டத்தில் சலுகை உண்டே என்று கேட்பார்கள். உண்டு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். கல்லூரிக் கண்காட்சி அதில் சேராது. என்னிடம் வருகிற பாதிப் பேர் ஏற்கெனவே வாட்ஸப்பில் பெருமையடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன சொல்ல! நல்லவேளை, அந்த வீடியோவில் உளி எல்லையில் நிற்பது மட்டும்தான் தெரிந்தது. கணு இல்லாத நல்ல மரத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கணு சங்கதி பெட்டிக்குள்ளேயே தப்பித்துக்கொண்டது.

அடுத்த ஆட்சேபம், இது வெறும் கணக்கு என்பது. கணக்கு வழிமுறைக்கும், அதனளவில் ஒரு கணினி நிரலுக்கும் காப்புரிமை கிடையாது என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. இங்கே ‘அதனளவில்’ என்ற சொல்லில்தான் வழக்குகளே ஓடுகின்றன. நிரல் இருப்பதாலேயே ஒரு கண்டுபிடிப்பைத் தள்ளிவிட முடியாது, அதனால் விளைகிற தொழில்நுட்பப் பயன் என்ன என்று பார்க்க வேண்டும் என்று 2019-இல் ஃபெரித் அலானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நாங்கள் பதிலில் கரண்ட் அளக்கும் உணரி, மோட்டார், நுனி நகர்கிற விதம் எல்லாவற்றையும் கோரிக்கைக்குள்ளேயே, அதாவது இதற்குத்தான் உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்கிற வரிகளுக்குள்ளேயே, கொண்டுவந்தோம். எண் மாறினால் உளி நிஜமாகவே விலகுகிறது, மரம் தப்புகிறது, இதில் வெறும் கணக்கு எங்கே என்று கேட்டோம்.

மூன்றாவதுதான் உண்மையான சண்டை. பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எலும்பு செதுக்கும் கை. இன்னொன்று, மோட்டாருக்குச் சுமை ஏறினால் வெட்டும் வேகத்தைக் குறைக்கிற சிஎன்சி இயந்திரம், அதாவது கணினி ஓட்டுகிற வெட்டு இயந்திரம். இரண்டையும் சேர்த்தால் உங்கள் பெட்டி வந்துவிடுகிறதே, துறை தெரிந்த ஒருவருக்கு இது தானாகவே தோன்றாதா என்றார். அந்தத் ‘துறை தெரிந்தவர்’ சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள். மேதையும் கிடையாது, மடையனும் கிடையாது. பேட்டை ஐடிஐ-யில் படித்துவிட்டுப் பத்து வருடம் இயந்திரத்தோடு கிடந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். நியாயமான கேள்விதான். எங்கள் முதல் கோரிக்கை ‘சுமைக்கு ஏற்ப நகர்வைக் கட்டுப்படுத்தும் பெட்டி’ என்று அகலமாக இருந்தது. அந்த அகலத்துக்கு அவர் சொல்வது சரி.

இந்த இடத்தில்தான் பலருக்குத் தெரியாத விதி வருகிறது. ஆட்சேபம் வந்த பிறகு கோரிக்கையைத் திருத்தலாம். ஆனால் முதலில் கேட்டதற்கு உள்ளேயே திருத்த வேண்டும், முதல் நாள் எழுதாத சரக்கைப் புதிதாக நுழைக்க முடியாது. சட்டத்தின் 59-ஆம் பிரிவு. நான் இதை அண்ணாச்சியிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார். “தெரியும் சார்வாள். கடைசல் மாதிரி. குறைக்கலாம், கூட்ட முடியாது.”

இருபது வருடமாக நான் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்த பிரிவு அது.

ஆக, கடைந்தோம். சுமை ஏறினால் வேகம் குறைவது என்பதை உதிர்த்தோம். எல்லாக் கருவிக்கும் என்பதை உதிர்த்தோம். கணு பட்ட அந்த நீளத்துக்கு மட்டும் எல்லையே இடம் மாறி, சுமை தணியத் தணிய முன்னிடத்துக்குத் திரும்புவது, இது மட்டும் மிஞ்சியது. சிஎன்சி ஆவணத்தில் வேகம்தான் மாறுகிறது, எல்லை மாறவில்லை. எலும்பு ஆவணத்தில் எல்லை அசையவே இல்லை. அன்று பட்டறையில் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் இல்லாவிட்டால் கடைவதற்குக் கட்டையே இருந்திருக்காது.

பரிசோதகர்மேல் எனக்கு வருத்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிராளி மாதிரிப் பேசுகிறார்கள் சிலர். அவர் அன்றைக்கு ஆட்சேபம் சொல்லாமல் விட்டிருந்தால், நாளைக்கு ஒரு போட்டிக்காரன் அதே இரண்டு ஆவணத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் போய் முழுவதையும் உடைத்திருப்பான்.

காணொலியில் நேர்முக விசாரணை நடந்தது. நான் எதிர்பாராத ஒரு கேள்வி வந்தது. கணுவில் கையை விலக்குவது கடைசல்காரர்களின் மரபு அறிவுதானே, மரபு அறிவுக்குக் காப்புரிமை கிடையாதே என்றார்கள். அதுவும் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு முன்கதை உண்டு. விண்ணப்பத்தில் அண்ணாச்சி பெயரையும் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் கையெழுத்துப் போட மறுத்தார். “நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்? எங்க அப்பா அப்படித்தான் பிடிப்பாவ” என்றார். கடைசியில், எவ்வளவு விலக வேண்டும், எத்தனை சுற்றில் இறக்க வேண்டும் என்று பெட்டிக்கு அளவு சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்று தம்பி அடம்பிடித்துப் போட வைத்தார். விசாரணையில் நான் சொன்ன பதிலும் அதை ஒட்டித்தான்: கை விலக்குவது பரம்பரை வித்தை, அதை யாரும் இங்கே கேட்கவில்லை, கரண்ட்டை அளந்து எல்லையை நகர்த்துகிற பெட்டியைத்தான் கேட்கிறோம்.

எழுத்து மூலமான வாதத்தைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பிவிட்டோம். உத்தரவு இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் டெவல் முதல் தொழிற்சாலை ரோபோவுக்கு 1954 டிசம்பரில் விண்ணப்பம் போட்டு, 1961 ஜூனில்தான் வாங்கினார். அதைச் சொல்லித்தான் தம்பியைச் சமாதானப்படுத்துகிறேன்.

போன வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம் மனதில் கிடந்து உறுத்தியிருக்கிறது போல. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“சார்வாள், அந்தக் காயிதம் வந்துட்டா, அப்புறம் நான் கையால கணுவைக் கடைஞ்சா இவனுக்குத் துட்டு கட்டணுமோ?”

“உங்கள் கையில் கரண்ட் அளக்கிற கருவி இல்லாத வரைக்கும் வேண்டாம் அண்ணாச்சி.”

“அப்ப சரி” என்று சொல்லி, ரோபோ கையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, உளியை எடுத்துக்கொண்டார்.

நன்றி. வணக்கம்.