பழைய சீற்றுத் துண்டுகளை எறிஞ்சுபோடாதேங்கோ

எல்லாருக்கும் வணக்கம். பழைய கார் சீற்றுக்கு வீட்டிலேயே புது உறை தைச்ச கதையைத்தான் சொல்லப்போறன். எங்கட வீட்டில நிக்கிறது ஒஸ்ரின் ஏ போர்ட்டி சொமர்செற், 1952 தொடக்கம் 1954 வரைக்கும்தான் அந்த மொடலைச் செய்தவை, 1200 சிசி எஞ்சின், கியர் ஸ்ரியறிங் தண்டிலேயே இருக்கும். அப்பான்ர கார். 90களில பெற்றோல் வராத காலத்தில கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடினது உங்களில கனபேருக்கு ஞாபகம் இருக்கும். பின்சீற்றைப் பிரிக்கேக்க உள்ளுக்க அடைச்சிருந்த குதிரைமயிரில அந்த மணம் அப்பிடியே வந்தது, அம்மா குசினிக்குள்ள நிண்டு "ஆரடா மண்ணெண்ணெய் ஊத்தினது" எண்டு கேட்டவ.

முன்சீற்றை முதல் ஒரு கடையில குடுத்தனான். பொடித் தையலாப் போட்டுத் தந்தவை, பாக்க வடிவுதான், ஆனா றெக்சினில ஓட்டை நெருங்கினா அந்த வரியிலயே கிழியும், ஒரு வருசத்துக்குள்ள கிழிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகுதான் பின்சீற்றை நானே செய்யிறதெண்டு இறங்கினனான்.

பிரிக்கிறதைப் பற்றித்தான் நான் கூடச் சொல்லவேணும், ஏனெண்டா எல்லாரும் அவசரப்படுறது அதிலதான். கத்தியால கிழிச்சு எடுக்காதேங்கோ, பிளேட்டால தையலை ஒண்டொண்டா வெட்டுங்கோ, துண்டுக்குத் துண்டு சோக்கால நம்பர் போடுங்கோ, எது முன்பக்கம் எண்டு அம்புக்குறி போடுங்கோ, ஃபோனில படமும் எடுங்கோ. அந்தக் கிழிஞ்ச துண்டுதான் உங்களுக்கு அளவு. ஆனா 70 வருசமா ஆக்கள் இருந்து இருந்து அது இழுபட்டிருக்கும், அதால ஓரத்தைப் பிடிச்சு வரையாம பழைய தையல் ஓட்டைகளைப் பிடிச்சு வரைஞ்சு, வெளியால தையலுக்கு அரை இஞ்சி விடுங்கோ. ஒரு பக்கம் கூட இழுபட்டிருந்தா மற்றப் பக்கத் துண்டைக் கவிட்டுப்போட்டு வரைஞ்சா சரியா வரும்.

ஸ்பிறிங்கில கறளைத் தேய்ச்சு பெயின்ற் அடிச்சன், அறுந்த கட்டுகளை நல்ல கயிறால திருப்பிக் கட்டினன், மேல சாக்கு. குதிரைமயிருக்கு இஞ்ச எங்க போறது, நான் தும்புதான் வச்சனான், அதுக்கு மேல அரை இஞ்சி ஸ்பொஞ்ச். வெறும் ஸ்பொஞ்ச் மட்டும் வேண்டாம், கெதியில குழி விழும்.

வீட்டு மெசினில தைக்கலாம். 18ஆம் நம்பர் ஊசி, நைலோன் நூல், தையல் நீளமா இருக்கட்டும். பைப்பிங், அதுதான் தையல் ஓரத்தில வாற உருண்டைக் கரை, வாற இடத்தில நாலு மடிப்பு வரும், அங்க மோட்டரை விட்டா ஊசி முறியும், மெசின்ர சில்லைக் கையால சுத்துங்கோ. தைச்ச உறையை மாட்ட முதல் முத்தத்து வெயிலில பாயில விரிச்சு வையுங்கோ, எங்கட வெயில் காணும், றெக்சின் இளகி சுருக்கமில்லாம இழுபடும்.

சீற்றோட காரின்ர கூரைக்கு உள்பக்கத் துணியையும் மாத்திறதெண்டா, அதைத் தாங்கிற கம்பிகள் எல்லாம் ஒரே வளைவு இல்லை, கழட்டேக்கயே நம்பர் போடுங்கோ. நான் போடாம விட்டு ரெண்டு நாள் மாத்தி மாத்திக் கொழுவிப் பாத்தனான். கதவின்ர உள்பக்க அட்டை ஊறிப்போயிருந்தா மெல்லிய பிளைவூட்டில வெட்டி, மாரித் தண்ணி படாம பின்னால பொலித்தீன் ஒட்டினாக் காணும்.

பழைய துண்டுகள் எல்லாத்தையும் நம்பரோட ஒரு உரப்பையில போட்டு வச்சிருக்கிறன். ஆரிட்டயாவது சொமர்செற் நிண்டா வந்து அளவெடுத்துக்கொண்டு போகலாம்.